பழைய மாசி

“மொதல்ல பேரச் சொல்லு தங்கச்சி. யாரு போய்ட்டா?”

“யாருண்ணே? எங்க போனா?”

“என்ன இப்படிக் கேக்குற? துட்டி விழுந்திருச்சு, களரி இல்லைன்னு கோயில் வெப்சைட்டுல நீதானே போட்டிருக்க? இங்க பொம்பளைக அழ ஆரம்பிச்சிட்டாக. யாருக்கு அழுறதுன்னு தெரியாமலே அழுதுக்கிட்டு இருக்காக.”

செல்வலட்சுமி பிசைந்த சோறு கையிலேயே இருக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த போனில் திருப்பூர் ராஜகுருவின் குரல் ஸ்பீக்கரைக் கிழித்துக்கொண்டு வந்தது. ராஜகுரு பெரிய தாத்தா வழிப் பங்காளி. திருப்பூரில் பிழைக்கப் போன குடும்பங்களையெல்லாம் ஒரு பஸ்ஸில் ஏற்றி, வருஷா வருஷம் குலசாமி கோயிலின் மாசிக் களரித் திருவிழாவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பொறுப்பு.

“நான் அப்படி எதுவுமே போடலையேண்ணே.”

“போடலையா? இந்தா, என் கண்ணு முன்னால நிக்குது. மேல சாமி படம். கீழ எழுதியிருக்கு, கேளு: ‘நமது வகையறாவில் துட்டி விழுந்துவிட்டபடியால் இந்த மாசிக் களரி நடைபெறாது. சாமிப் பெட்டி எடுப்பு இல்லை. அவரவர் இருக்கும் இடத்திலேயே விளக்கேற்றிக்கொள்ளவும்.’ பேரும் இல்ல, ஊரும் இல்ல. பஸ்காரர் நிக்கிறாரு. சாயங்காலம் வரைக்கும்தான் நமக்காக வண்டிய நிறுத்தி வைப்பாராம். வேணாம்னு சொல்லிரவா?”

அந்த வரிகள் செல்வலட்சுமிக்குத் தெரியும். அதை எழுதியவனையும் தெரியும், எழுதிய நாளையும் தெரியும்.

“சொல்லிராதீகண்ணே. யாருக்கும் ஒண்ணும் ஆகல. களரி உண்டு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிர்றேன்.”

“நீ வாயால சொன்னா இவுக நம்பணுமே. நெட்டுல அந்தப் பக்கத்துல வரட்டும், அப்ப நம்புறோம்ங்கிறாக.”

அதுவும் நியாயம்தான். ‘பக்கத்துல வந்தாத்தான் உண்டு’ என்று அத்தனை பேரையும் பழக்கிவைத்தது இந்த வீடுதான்.

அடுப்படியிலிருந்து ரசச் சட்டியோடு வந்த சந்தனம்மாள் மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “என்னடி, மூஞ்சி இப்படி வெளிறிக் கிடக்கு?”

“அம்மா, நான் அப்பாவோட துட்டிய மறுபடியும் ஊருக்குச் சொல்லிட்டேன்.”

*

போன வாரம்தான் ஒரு கூத்து நடந்திருந்தது. குலசாமி இருளப்பசாமி கோயிலின் இணையப் பக்கத்தைத் திறந்த பங்காளிகள் எல்லோருக்கும் சாமி தலைக்கு மேல் ரம்மி விளம்பரம் தெரிந்தது. ‘இப்போதே ஆடுங்கள்’ என்று சிவப்பில் மின்னியது. எவனோ பழைய மென்பொருளின் ஓட்டை வழியாகப் புகுந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். சித்தப்பா பால்ச்சாமி திருச்சுழியிலிருந்து வந்து நடுவீட்டில் நின்றுகொண்டு சொன்னது இதுதான்:

“இன்னொரு தடவ இந்தப் பெட்டி நம்மளச் சந்தி சிரிக்க வச்சுச்சுன்னா, வயரப் பிடுங்கி நானே பழைய இரும்புக்குப் போட்டுருவேன். எல்லாரும் வாட்ஸப்புல சேதி சொல்லிக்கிட்டாப் போதும்.”

சொன்னால் செய்கிற மனுஷர். அதனால்தான் செல்வலட்சுமி, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டை அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள்தான் அவள். ஆனால் ஒரு சர்வரைப் புதுப்பிப்பது பாடம் நடத்துவது போல இல்லை. ஓடுகிற பஸ்ஸில் ஆட்களை இறக்காமல் டயர் மாற்றுகிற மாதிரி.

சர்வர் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நெல்குதிர் இருந்த மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. அவ்வளவுதான். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், சேவுக் கடை மாடியில் அண்ணன் ஜெகதீஸ்வரன் நெட் சென்டர் வைத்திருந்தபோது கல்லா மேசையில் இருந்த கம்ப்யூட்டர் அது. ஹார்ட் டிஸ்க் மாறிவிட்டது, மின்விசிறி மாறிவிட்டது, உள்ளே பாதி மாறிவிட்டது. கூடு மட்டும் பழசு.

அந்த மாடியை நினைத்தால் செல்வலட்சுமிக்கு இன்றைக்கும் சூடான எண்ணெய் வாசம்தான் முதலில் வரும். கீழே சேவு பிழிய, மேலே பலகை அடைத்த சின்னச் சின்ன அறைகளில் ஊரே உட்கார்ந்து தன் தலையெழுத்தைப் பார்க்கும். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குப் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். பாஸான பிள்ளை சேவு வாங்கிக் கொடுக்கும், பெயிலான பிள்ளைக்கு அண்ணன் வாங்கிக் கொடுப்பான்.

அப்பா ஆண்டிச்சாமி மல்லி மூட்டையைக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு மேலே வருவார். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார். கோயிலுக்குள் வருகிற மாதிரி. ஒருநாள் கல்லாவுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏலே, இதுல நம்ம சாமியப் பாக்க முடியுமா?”

“நம்ம வச்சாத்தான்யா பாக்க முடியும்.”

“அப்ப வையி.”

அப்படித்தான் வந்தது அந்தப் பக்கம். முகம் தெரியாத யார் யாரோ உலகம் முழுக்க உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கோ என்று சும்மா கொடுத்துவிட்ட மென்பொருள். “கூலி வாங்காமயா செஞ்சாக?” என்று அம்மா கேட்டபோது அப்பாதான் பதில் சொன்னார்: “களரிக்குச் சோறு பொங்குறவன் கூலியா வாங்குறான்?”

அண்ணன் குவைத்துக்குப் போனபின் பெட்டி வீட்டுக்கு வந்தது. அங்கிருந்தே அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பான். காலையில் எழுந்து பார்த்தால் கண்மாய்ப் படம் மாறியிருக்கும், ஒரு எழுத்துப் பிழை திருந்தியிருக்கும். யாரோ வந்து வாசலைத் தெளித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. பெட்டிக்குப் பின்னால் வயர் செருகிய இடத்தில் ஒரு பச்சை விளக்கு துடிக்கும். அது வேகமாகத் துடித்தால், “புள்ள வந்திருக்கான்டி” என்பாள். எந்த ஊரில் யார் பக்கத்தைத் திறந்தாலும் அது துடிக்கும் என்று செல்வலட்சுமி ஒருநாளும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அந்தப் பெட்டிக்குத் திருநீறு பூசுவாள்.

அப்பா இறந்தது ஒரு மாசி மாதம். களரிக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள். குவைத்துக் கம்பெனி ஜெகதீஸ்வரனின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு லீவு இல்லை என்றது. துட்டி அறிவிப்பை மட்டும் அவன் அங்கிருந்தே பக்கத்தில் போட்டான். சித்தப்பா கொள்ளி வைத்தார். அதைச் செய்தபின், சுடுகாட்டிலேயே, கூட்டத்துக்கு நடுவே ஒரு வார்த்தையும் சொன்னார்:

“மகன் அங்கிட்டிருந்து கம்ப்யூட்டர்ல கொள்ளி வச்சுட்டாருப்பா!”

சொல் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் ஜெகதீஸ்வரன் ஊருக்கு வரவில்லை. அம்மாவிடம் போனில் பேசுவான். சாப்பிட்டியா, மருந்து இருக்கா, அவ்வளவுதான். மற்றபடி அவன் வீட்டுக்கு வந்துபோனதெல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான். இந்தத் தையில் அதற்கும் ஒரு முடிவு கட்டினான். கடவுச்சொல்லைத் தங்கைக்கு அனுப்பி, ‘எனக்கு நேரமில்ல, இனி நீயே பாத்துக்க பிள்ள’ என்று ஒரே வரி.

ஆக, சித்தப்பா பிடுங்கப் போவது வெறும் வயரை அல்ல என்பது செல்வலட்சுமிக்குத் தெரியும். அண்ணன் வீட்டுக்கு வருவதற்கு மிச்சமிருந்த ஒரே வழி அது.

*

“எங்க தப்பு நடந்துச்சு? எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லு,” என்றாள் அம்மா.

“புதுசு ஏத்தினேன்ல? ஏத்தி முடிச்சதும் பக்கத்தத் திறந்தா, ‘உனக்கு அனுமதி இல்லை’ன்னு வந்துச்சு. அது தனக்குன்னு ஒரு அறையத் திறந்து வச்சிருக்கு. நம்ம பக்கமெல்லாம் இருந்த அறையப் பூட்டிருச்சு.”

“நம்ம வீட்டுலயே நமக்கு அனுமதி இல்லையாமா?”

“பயந்துபோய், அண்ணன் எடுத்து வச்சிருந்த நகல் ஒண்ண எடுத்து அந்தத் திறந்த அறையில போட்டேன். சாமி படம் வந்துச்சா, அப்பாடான்னு சாப்பிட உக்காந்துட்டேன். கீழ இறக்கிப் பாக்கல.”

“எந்த நகலு?”

“‘மாசி’ன்னு பேரு.”

இந்த வீட்டில் எதற்கும் தேதி கிடையாது. கடலை போட்டது ஆடிக்குப் பின்னே, செல்வலட்சுமி பிறந்தது பெரிய மழைக்கு முன்னே. அண்ணனும் அப்பாவின் பிள்ளைதானே. ஒவ்வொரு களரிக்கு முன்னாலும் எடுத்த நகல்களுக்கு ‘மாசி’, ‘புது மாசி’, ‘மாசி நல்லது’ என்றே பெயர் வைத்திருந்தான். வெறும் ‘மாசி’ என்றால் அவனுக்கு ஒரே மாசிதான் இருந்திருக்கும், அப்பா போன மாசி.

போன் மறுபடி அடித்தது. செல்வலட்சுமி திரையைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“அண்ணன்.”

இந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை அவன். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“பிள்ள,” என்றான் ஜெகதீஸ்வரன். பின்னால் ஏதோ எந்திரம் ஓடியது. “யாரு பிள்ள? அம்மாவா?”

“ஐயோ, அம்மா இங்கதாண்ணே இருக்கு! ரசச் சட்டியோட நிக்குது!”

“நல்லாத்தான்யா இருக்கேன்,” என்று அம்மா குரல் கொடுத்தாள். “நீ சாப்பிட்டியா?”

மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் தண்ணீருக்குள் இருந்தவன் மேலே வந்து விடுகிற மூச்சு.

“நான் எழுதினதுதான்னு மொத வரியிலயே தெரிஞ்சிருச்சு. ஆனாலும் அம்மாவுக்கு ஏதோ ஆகிப்போயி, நீ அதையே எடுத்து மறுபடி போட்டிருக்கியோன்னு நினைச்சேன்.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கியாண்ணே? நேரமில்லைன்ன?”

அவன் நேரே வேலைக்கு வந்தான். “பெட்டிகிட்டப் போயி உக்காரு. பிழைப் பதிவத் திற. கடைசி வரியப் படி.”

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கை கழுவக்கூட இல்லை, இடது கையால் தட்டினாள். “‘சர்வர் அமைப்பின்படி மறுக்கப்பட்டது’ன்னு இருக்குண்ணே. வரிசையா அதேதான்.”

“அதான். பழசுல நான் எழுதி வச்ச விதி என்ன? மொதல்ல யார விடணும், அப்புறம் யாரத் தடுக்கணும்னு ரெண்டு வரியா இருக்கும். புதுசுக்கு அந்தப் பாஷை ஆகாது. அந்த ரெண்டையும் எடுத்துட்டு, எல்லாருக்கும் அனுமதின்னு ஒரே வரி எழுது.”

“ஒரே வரி போதுமா?”

“போதும் பிள்ள. ரொம்ப யோசிச்சுச் சுருக்கியிருக்காங்க.”

எழுதினாள். எழுத்தைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தாள். ஒரு இடத்தில் அடைப்புக்குறி மூடவில்லை என்று திட்டியது. மூடினாள். சர்வரை நிறுத்தி எழுப்பினாள். பச்சை விளக்கு ஒருகணம் அணைந்து, அம்மா “ஆத்தாடி” என்று நெஞ்சில் கை வைக்க, மறுபடி எரிந்தது.

புதுப் பக்கம் வந்தது. இந்த வருஷத்துப் பக்கம். ‘சிவராத்திரி அன்று மாசிக் களரி. பெட்டி எடுப்பு காலையில். பங்காளிகள் அனைவரும் குடும்பத்தோடு வருக.’ ரம்மி இல்லை. துட்டி இல்லை.

அவள் ராஜகுருவுக்கு வாட்ஸப்பில் சேதி அனுப்பினாள். பதில் எரிச்சலாக வந்தது.

“என்னத்தா விளையாடுற? எனக்கு இன்னும் துட்டின்னுதான் வருது. பஸ்காரரு கிளம்பப் போறாரு.”

செல்வலட்சுமி தன் திரையை மறுபடி பார்த்தாள். இங்கே களரி, அங்கே துட்டி. ஒரே பக்கம் ரெண்டு ஊரில் ரெண்டு காலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அவுகளுக்குப் பழசே தெரியுதாம்.”

“அவரு போன் பழசப் பத்திரமா வச்சிருக்கும். ஒரு தடவ பாத்தத எடுத்து வச்சுக்கும், மறுபடி கேட்டா அதையே காட்டும். பதறாத. முகவரிக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போட்டு, களரின்னு சேத்து அனுப்பு. புதுசுன்னு நெனச்சுத் திரும்ப வந்து கேக்கும்.”

அனுப்பினாள். காத்திருந்தாள். அம்மா பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ராஜகுருவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் பெண்கள் கூட்டமாகச் சிரிக்கிற சத்தம். “வந்திருச்சுத்தா, வந்திருச்சு! அழுத கண்ணீரத் திருப்பிக் கொடுன்னு கேக்குறாக. பஸ்ஸு உறுதி.”

அம்மா அப்போதுதான் ரசச் சட்டியைக் கீழே வைத்தாள்.

*

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தத்தை யாரும் கவனிக்கவில்லை. பால்ச்சாமி உள்ளே வந்தபோது துண்டு கழுத்தில் இருந்தது, தோளில் இல்லை. போன களரியில் சாமிப் பெட்டியைத் தோளில் சுமந்து குண்டாற்று மணலில் இறங்கும்போது கால் புதைந்து சாய்ந்தவர். அன்றிலிருந்து அந்த வலது தோளில் துண்டு கூட நிற்பதில்லை.

கோபத்தோடுதான் வந்திருந்தார். திருச்சுழி டீக்கடையில் நாலு பேர் அவரிடம் துக்கம் விசாரித்திருந்தார்கள். நேரே மூலைக்கு வந்து, வயர் செருகிய இடத்தை நோக்கிக் குனிந்தார்.

“கொழுந்தனாரே, சரியாயிருச்சு, எல்லாம் சரியாயிருச்சு,” என்று சந்தனம்மாள் தாழ்ந்த குரலில் தடுத்தாள்.

அதே நேரத்தில், தரையில் கிடந்த போனிலிருந்து ஜெகதீஸ்வரன் பேசினான். சித்தப்பா வந்தது அவனுக்குத் தெரியாது.

“பிள்ள, அந்தப் பழைய மாசிய அழிச்சிராத.”

“சரிண்ணே.”

“அதுல பேரு ஏன் இல்லைன்னு ராஜகுரு அண்ணன்கூடக் கேட்டிருப்பாரு. எழுதப் பாத்தேன் பிள்ள. ஆண்டிச்சாமின்னு அடிக்கிறதும் அழிக்கிறதுமா இருந்தேன். வரல. பேரு இல்லாமலே போட்டுட்டேன்.” எந்திரச் சத்தம் நடுவே வந்து போனது. “நீங்க எல்லாரும் அன்னைக்கு அய்யாவச் சுத்தி நின்னீக. நான் அந்தப் பக்கத்துல மட்டும்தான நின்னேன்.”

பால்ச்சாமி குனிந்தபடியே இருந்தார். வயருக்கு நீண்ட கை அப்படியே நின்றது. செல்வலட்சுமி போனை எடுத்து அணைக்கலாமா என்று பார்த்தாள். அவர் வேண்டாம் என்று விரலை மட்டும் அசைத்தார்.

அந்தப் பெரிய உடம்பு மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தது. முட்டி ‘மளுக்’ என்றது. போனைக் கையில் எடுக்கத் தெரியாதவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லச்சுமி, இதுல பேசினா அவனுக்குக் கேக்குமா?”

“கேக்கும் சித்தப்பா.”

மறுமுனையில் எந்திரம் ஓடியது.

“ஏலே ஜெகா,” என்றார் பால்ச்சாமி. தொண்டையைச் செருமினார். “நான்தாம்லே, சித்தப்பன்.”

சந்தனம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வலது தோளு செத்துப்போச்சு. போன வருசமே சாமி சாஞ்சிருக்கும், இருளப்பன் காப்பாத்தினாரு. பெட்டி தூக்க உங்க அய்யா நிக்கிற பக்கத்துல நான் நின்னு பாத்தேன். எனக்கு ஒத்துவராத இடம்லே அது. அங்க நிக்க உனக்குத்தான் பாத்தியம். அன்னைக்கு நான் பேசின பேச்சுக்கு நீ வராம இருந்தது சரிதான். இப்ப சாமிக்கு ஆளில்ல. களரிக்கு வந்து பெட்டியத் தூக்குலே. தூக்கி முடிச்சதும் திரும்பிக்கூடப் போயிரு. வாரியா?”

போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எந்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவன்தான் நிறுத்தினானோ, அங்கிருந்து தள்ளி வந்தானோ, தெரியவில்லை.

திருப்பூரில் ஒவ்வொருவராகப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூலையில் பச்சை விளக்கு விடாமல் துடித்தது. சந்தனம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.